உடலுக்குள் பொருத்தும் ஹார்டுவேர்

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் வாரத்திலேயே எல்லாரும் கற்றுக் கொள்ளும் இரண்டு சொற்கள் ஹார்டுவேர், சாப்ட்வேர். கையால் தொட்டுப் பார்க்கக் கூடியது ஹார்டுவேர் என்று உங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இந்த மாதம் கையால் தொட முடியாத ஹார்டுவேர் சிலவற்றைப் பார்க்கப் போகிறோம். அது உங்கள் அம்மாவின் முழங்காலில் இருக்கலாம். தாத்தாவின் கண்ணுக்குள் இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரின் நெஞ்சில், தோலுக்கு அடியில் இருந்து கொண்டு இதயத்தைத் துடிக்கச் செய்து கொண்டிருக்கலாம். மருத்துவத்தில் இவற்றை இம்ப்ளாண்ட் என்கிறார்கள். அறுவை சிகிச்சை செய்து உடலுக்குள் பொருத்தி, அங்கேயே விட்டுவிடும் பொருள் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

நான் டாக்டர் அல்ல. திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் கடைகளுக்கு பில்லிங் சாப்ட்வேர் போட்டுக் கொடுப்பது என் தொழில். நூல், ஜிஎஸ்எம், பாலிபேக், லேபிள் என்று நாள் முழுவதும் காதில் விழும் இடம் இது. இம்ப்ளாண்ட் செய்யும் பொருட்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய போது, பாதிப் பெயர்கள் இந்தத் தெருவில் ஏற்கனவே கேட்ட பெயர்களாக இருந்தன. அவை என்ன பொருட்கள், அவற்றை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள், அவற்றின் விவரத்தை வீட்டுக் கம்ப்யூட்டரில் எப்படிப் பாதுகாப்பது என்ற மூன்றையும் இங்கே பார்ப்போம்.

உங்கள் மேசையிலேயே இருக்கிறது

முதலில் உங்கள் கம்ப்யூட்டரையே எடுத்துக் கொள்வோம். கீபோர்டில் ஒரு கீயை அழுத்தினால் அது மீண்டும் மேலே எழும்புகிறது அல்லவா? பெரும்பாலான கீபோர்டுகளில் அதற்குக் காரணம் அடியில் உள்ள சிலிக்கோன் ரப்பர் குமிழ். அதற்குக் கீழே இருப்பது பாலியஸ்டர் தாள். உடலுக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்களும், பேஸ்மேக்கர் வயரின் மேலுறையும் சிலிக்கோனில் செய்யப்படுகின்றன. செயற்கை இரத்தக் குழாய் பாலியஸ்டரில் செய்யப்படுகிறது. சிடி, டிவிடி தட்டு பாலிகார்பனேட் ஆகும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு டயாலிசிஸ் செய்யும் போது பார்த்திருப்பீர்களே, அந்தக் கண்ணாடி போன்ற குழாயின் வெளிக்கூடும் பல நேரங்களில் பாலிகார்பனேட் தான். ஹார்டு டிஸ்க்கில் தகவல்களைத் தாங்கும் காந்தப் படலத்தில் கோபால்ட் உலோகம் உள்ளது. செயற்கை முழங்காலிலும் கோபால்ட் உள்ளது.

அப்படியானால் உடைந்த சிடியை வைத்து மருத்துவக் கருவி செய்து விடலாமா? முடியாது. ராம் வாங்கப் போனவர்களுக்கு இது எளிதாகப் புரியும். டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டுக்குமே பெயர் ராம் தான். ஆனால் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் செருக முடியாது. பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. எந்த ரகம், எந்த வடிவம், எதனோடு சேர்ந்து வேலை செய்யப் போகிறது என்று மூன்றையும் பார்க்க வேண்டும். இம்ப்ளாண்ட் விஷயத்திலும் இந்த மூன்று கேள்விகள் தான் எல்லாமே.

உடல் ஏற்றுக் கொள்வது என்றால் என்ன?

உடலுக்குள் அந்நியப் பொருள் எது நுழைந்தாலும் உடல் சும்மா இருக்காது. அதைக் கரைக்கப் பார்க்கும், அரிக்கப் பார்க்கும், முடியாவிட்டால் சுற்றிலும் தழும்புச் சுவர் கட்டி ஒதுக்கி வைக்கும். நம் உடலில் ஓடுவது உப்புக் கலந்த நீர். சாதாரண இரும்பு ஆணியை அதில் விட்டால் துருப்பிடித்து விடும். அதனால் தான் துருப்பிடிக்காத எஃகு, கோபால்ட்-குரோமியம் கலவை, டைட்டானியம் ஆகிய உலோகங்களை அதிகம் பயன்படுத்துகிறார்கள். பிளாஸ்டிக் வகைகள், பீங்கான் வகைகள், பன்றி மற்றும் மாட்டின் திசுக்களைப் பதப்படுத்திச் செய்யும் இதய வால்வுகள் ஆகியவையும் உண்டு.

டைட்டானியத்தின் மேல் காற்று பட்டவுடன் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி விடும். அது தான் அதற்குக் கவசம். சுவீடனைச் சேர்ந்த பிரானெமார்க் என்ற ஆய்வாளர் 1952இல் முயலின் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தி இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். ஆய்வு முடிந்து கருவியை எடுக்கப் போனால் வரவில்லை. எலும்பு அதைப் பிடித்துக் கொண்டு வளர்ந்திருந்தது. 1965இல் மனிதரின் தாடையில் டைட்டானிய வேர் பொருத்தி அதன் மேல் பல் கட்டினார். இன்று ஊருக்கு ஊர் பல் கிளினிக்குகளில் செய்யும் டெண்டல் இம்ப்ளாண்ட் அங்கிருந்து வந்தது தான்.

எல்லாமே இப்படி நல்லபடியாக முடியவில்லை. இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி என்ற எலும்பு மருத்துவர் செயற்கை இடுப்பு மூட்டுக்கு முதலில் டெப்லானைத் தேர்ந்தெடுத்தார். தோசைக் கல்லில் பூசும் அதே டெப்லான் தான். வழுவழுப்பானது, எதனோடும் ஒட்டாது, மூட்டுக்கு ஏற்றது என்று தானே தோன்றும்? ஆனால் உலோகக் குண்டு உரச உரச டெப்லான் தேய்ந்து தூளாகி, அந்தத் தூள் சுற்றியிருந்த திசுவைக் கெடுத்து விட்டது. 1962இல் அவர் பாலிஎத்திலீனுக்கு மாறினார். காதர்பேட்டைக் கடைகளில் டி-சர்ட் போட்டுத் தரும் கவர்களில் பல அதே பாலிஎத்திலீன் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் இன்று மூட்டுக்குப் பயன்படுவது மிக நீண்ட மூலக்கூறுகளைக் கொண்ட தனி ரகம். கவரைக் கையால் கிழித்து விடலாம். இந்த ரகமோ பல ஆண்டுகள் உடல் எடையைத் தாங்கி உரசலையும் பொறுத்துக் கொள்கிறது. குடும்பப் பெயர் ஒன்று, ரகம் வேறு.

பனியன் துணியும் வயிற்று வலையும்

என் வாடிக்கையாளர் ஒருவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. சில வாரம் கழித்துக் கடைக்கு வந்தவர், "தம்பி, நம்ம நெட் துணி மாதிரி ஒண்ணை உள்ள வெச்சுத் தெச்சிருக்காங்களாமா. அது என்ன நூலுன்னு கம்ப்யூட்டர்ல கொஞ்சம் பாருங்க" என்றார். அவர் கேட்டது சரியான கேள்வி.

குடலிறக்கம் என்பது வயிற்றுச் சுவர் பலவீனமாகி, அந்த வழியாகக் குடல் பிதுங்குவது. அந்த இடத்தை வெறும் தையலால் இழுத்து மூடினால் மீண்டும் விட்டுப் போக வாய்ப்பு அதிகம். எனவே ஒட்டுப் போடுவது போல ஒரு வலையை வைக்கிறார்கள். 1950களின் இறுதியில் அமெரிக்காவைச் சேர்ந்த பிரான்சிஸ் அஷர் என்ற மருத்துவர் பிளாஸ்டிக் வலையை இதற்குக் கொண்டு வந்தார். இன்று அதிகம் பயன்படுவது பாலிபுரொப்பிலீன் நூலில் பின்னிய வலை.

ஆம், அதுவும் நிட்டிங் தான். ஆனால் நம் ஊர் பனியன் துணி வட்ட மெஷினில் ஓடுவது. ஒரே நூல் குறுக்காக ஓடி வளையம் வளையமாகக் கோத்துக் கொண்டு போகும். வெட்டினால் ஓரம் சுருளும், வளையம் நழுவினால் ஏணி போல ஓடும். வயிற்று வலையைப் பாவு நூல்களைக் கொண்டு பின்னும் வார்ப் நிட்டிங் முறையில் செய்கிறார்கள். டாக்டர் அதைத் தேவையான அளவுக்குக் கத்தரித்தாலும் பிரியாது.

அடுத்தது ஜிஎஸ்எம். நம் கடைகளில் ஜிஎஸ்எம் கூடினால் தரமும் விலையும் கூடும். வலையில் கணக்கு வேறு. எடை கூடிய வலை சுமார் 80 முதல் 100 ஜிஎஸ்எம் வரை இருக்கும்; எடை குறைந்த வலை 50க்கும் கீழே இருக்கும். உள்ளே வைக்கும் பிளாஸ்டிக் அதிகமானால் சுற்றி உருவாகும் தழும்பும் அதிகமாகி, வயிறு விறைப்பாகி விடலாம். துளைகள் 1 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக இருந்தால் திசு அதனூடே வளர்ந்து வலையைத் தன்னோடு சேர்த்துக் கொள்ளும். யாருக்கு எந்த எடை என்பதை டாக்டர் முடிவு செய்வார். ஆனால் கனமானது தான் நல்லது என்ற நம் கடைவீதிக் கணக்கை ஆபரேஷன் அறைக்குள் கொண்டு போகக் கூடாது.

துணிக்கும் மருத்துவத்துக்கும் உள்ள உறவு பழையது. அமெரிக்காவின் இதய மருத்துவர் மைக்கேல் டிபேக்கி 1950களில் ஹூஸ்டன் நகரக் கடை ஒன்றில் நைலான் துணி கேட்டுப் போனார். நைலான் இல்லை என்று டேக்ரான் என்னும் பாலியஸ்டரைக் கொடுத்தார்கள். அதைத் தையல் மெஷினில் குழாயாகத் தைத்து, பழுதான இரத்தக் குழாய்க்குப் பதிலாக வைத்தார். பிறகு ஜவுளிப் பொறியாளர் ஒருவரின் துணையோடு, தையலே இல்லாமல் குழாயாகப் பின்னும் மெஷின் வந்தது. நமக்குப் பக்கத்தில் கோவையில் உள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ராவிலும் மருத்துவத் துணிகளுக்கென்றே தனி மையம் உள்ளது.

கண்ணுக்குள் அக்ரிலிக்

கடைகளின் பெயர்ப் பலகையில் பளபளக்கும் அக்ரிலிக் எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்களில் விமானி அறையின் கண்ணாடி போன்ற மேல்மூடி இந்த அக்ரிலிக்கால் ஆனது. குண்டு பட்டு அது சிதறி விமானிகளின் கண்ணுக்குள் போனது. அந்நியப் பொருள் நுழைந்தால் பல நேரங்களில் கண் சிவந்து வீங்கும். அக்ரிலிக் துண்டுகளோ உள்ளே அமைதியாகக் கிடந்தன. இதைக் கவனித்த ஹெரால்டு ரிட்லி என்ற கண் மருத்துவர், 1949 நவம்பரில் லண்டனில் கண்புரை நோயாளி ஒருவருக்கு அக்ரிலிக் லென்ஸ் ஒன்றைக் கண்ணுக்குள் பொருத்தினார்.

நம் நாட்டில் நீண்ட காலம் இந்த லென்ஸை இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது. ஏழைகளுக்கு எட்டாத விலை. புரையை மட்டும் எடுத்து விட்டு, தடித்த சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்பும் நிலை இருந்தது. 1992இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் அங்கமாக ஆரோலேப் தொடங்கப்பட்டு, லென்ஸை இங்கேயே தயாரித்தார்கள். வெளிநாட்டு லென்ஸின் விலையில் சிறு பகுதிக்கே அது கிடைத்தது. உங்கள் வீட்டில் பெரியவர் யாருக்காவது கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தால், அவரிடம் உள்ள சிறு அட்டையை எடுத்துப் பாருங்கள். லென்ஸின் பவர், மாடல், வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும்.

நான்காவது மாடலில் வந்த வெற்றி

எந்தப் பொருள் எதனோடு சேர்கிறது என்ற கேள்விக்கு நம் நாட்டிலேயே சிறந்த உதாரணம் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் இந்திய இதய வால்வை உருவாக்கினார்கள். இந்த வால்வு ஒரு கதவு போன்றது. உலோகக் கூட்டுக்குள் ஒரு சிறு தட்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் சாய்ந்து திறந்து மூடும்.

எத்தனை முறை? உங்கள் எக்ஸெலில் ஏதாவது ஒரு செல்லில் =70*60*24*365 என்று டைப் செய்து என்டர் தட்டிப் பாருங்கள். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஆண்டுக்கு 3,67,92,000 வரும். பத்து ஆண்டுக்கு ஏறக்குறைய 37 கோடி. அத்தனை முறை உரசித் தேயாத ஜோடி வேண்டும். டைட்டானியம் உறுதியானது, செயற்கை நீலக்கல் எனப்படும் சபையர் மிகக் கடினமானது. இரண்டையும் சேர்த்த போது சபையர் தட்டு டைட்டானியத்தைத் தேய்த்து விட்டது. உலோகத்தை மாற்றிய அடுத்த மாடலில், விலங்குச் சோதனையின் போது சபையர் தட்டே உடைந்தது. நான்காவது மாடலில் கோபால்ட் கலவைக் கூடும், மேலே சொன்ன நீள மூலக்கூறு பாலிஎத்திலீன் தட்டும், இதயத்தோடு வைத்துத் தைக்கப் பாலியஸ்டர் துணி வளையமும் சேர்ந்தன. இரண்டு உயர்ந்த பொருட்கள் சேர்ந்து செய்ய முடியாததை ஓர் உலோகமும் ஒரு பிளாஸ்டிக்கும் செய்தன. 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்கு அது பொருத்தப்பட்டது. டிடிகே சித்ரா வால்வு என்ற பெயரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தப்பட்டுள்ளது.

இதற்கு எதிர் உதாரணமும் உண்டு. உலோகக் குண்டும் உலோகக் கிண்ணமும் கொண்ட டிபை ஏஎஸ்ஆர் என்ற இடுப்பு மூட்டை 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். இரண்டும் கோபால்ட்-குரோமியம். உரசலில் உலோகத் துகள் உடலில் கலந்தது. பலருக்கு மீண்டும் ஆபரேஷன் தேவைப்பட்டது. இந்தியாவிலும் இதைப் பொருத்திக் கொண்டவர்கள் இருந்தார்கள். தன் உடலில் இருப்பது இந்த மாடல் தானா என்று ஒருவர் அறிய ஒரே வழி, லேபிள்.

பேஸ்மேக்கர்: நெஞ்சுக்குள் ஒரு கம்ப்யூட்டர்

இம்ப்ளாண்ட்களில் கம்ப்யூட்டருக்கு மிக நெருங்கிய உறவினர் பேஸ்மேக்கர். 1958 அக்டோபர் 8 அன்று சுவீடனில் முதன்முதலாக ஒருவருக்கு அது உடலுக்குள் வைக்கப்பட்டது. அன்றைய கருவியை எபாக்சி பசையில் வார்த்தார்கள். அச்சாகப் பயன்பட்டது ஷூ பாலிஷ் டப்பா. முதல் கருவி சில மணி நேரமே உழைத்தது. ஆனால் அடுத்தடுத்த கருவிகளின் உதவியோடு அந்த நோயாளி 2001 வரை வாழ்ந்தார். இப்போதைய பேஸ்மேக்கரின் கூடு டைட்டானியம், பாட்டரி லித்தியம், உள்ளே சிலிக்கான் சிப்.

வீட்டில் பேஸ்மேக்கர் வைத்தவர் இருந்தால், கம்ப்யூட்டர் பயன்படுத்த அவர் பயப்படத் தேவையில்லை. ஆனால் ஸ்பீக்கர், ஹெட்போன், சில மொபைல் போன்கள் ஆகியவற்றில் காந்தம் உள்ளது. வலுவான காந்தம் நெருங்கினால் பேஸ்மேக்கர் தன் இயக்க முறையை மாற்றிக் கொள்ளும். எனவே இவற்றைக் கருவியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்கவும். போனைச் சட்டைப் பையில் வைக்க வேண்டாம். ஹெட்போனைக் கழுத்தில் தொங்க விடவும் வேண்டாம்.

லேபிளை விட்டு விடாதீர்கள்

காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய டி-சர்ட்டுகள் பல, லேபிள் வெட்டிய நிலையில் விற்பனைக்கு வரும். வாங்க வருபவர் துணியைத் தொட்டு, இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே தரத்தைச் சொல்லி விடுவார். இம்ப்ளாண்டை அப்படித் தொட்டுப் பார்க்க முடியாது. லேபிள் போனால் விவரமும் போனது தான்.

மேலே சொன்ன வாடிக்கையாளருக்குச் சில ஆண்டுகள் கழித்து முதுகு வலிக்காக எம்ஆர்ஐ ஸ்கேன் எழுதினார்கள். உடலில் உலோகம் ஏதாவது உண்டா என்று அங்கே கேட்டார்கள். வலை பிளாஸ்டிக் தான். ஆனால் துளை வழியே செய்யும் ஆபரேஷனில் சில சமயம் வலையைச் சிறு உலோக ஆணிகளால் பிடிக்க வைப்பார்கள். இவருக்கு எப்படிச் செய்தார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. கையிலிருந்த பில்லில் "மெஷ் - 1" என்பதற்கு மேல் எதுவும் இல்லை. பழைய ஆபரேஷன் குறிப்பு கிடைத்து, தையல் தான் போட்டிருக்கிறார்கள் என்று உறுதியாகும் வரை நான்கு நாட்கள் வலியோடு காத்திருந்தார்.

எனவே டிஸ்சார்ஜ் ஆகும் போதே கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான இம்ப்ளாண்ட் பெட்டிகளில் உரித்து ஒட்டும் ஸ்டிக்கர்கள் பல இருக்கும். ஒன்று மருத்துவமனைப் பதிவேட்டுக்கு, ஒன்று உங்களுக்கு. அதில் கவனிக்க வேண்டியவை:

1. ஆர்இஎஃப்: கம்பெனியின் மாடல் எண்.
2. எல்ஓடி: எந்தத் தொகுப்பில் தயாரானது என்ற எண். எஸ்என் என்று இருந்தால் அது வரிசை எண்.
3. மணற்கடிகாரப் படம்: எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது.
4. எம்ஆர் குறி: பச்சைச் சதுரம் என்றால் எம்ஆர்ஐ ஸ்கேனுக்குத் தடையில்லை. மஞ்சள் முக்கோணம் என்றால் நிபந்தனைகளோடு எடுக்கலாம். சிவப்பு வட்டம் என்றால் கூடாது. முடிவை ஸ்கேன் மையமும் டாக்டரும் தான் எடுக்க வேண்டும்.

பொருளின் பெயர் பில்லுக்கும் முக்கியம். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முழங்காலுக்கு உச்சவரம்பு விலை அறிவித்த போது, கோபால்ட்-குரோமியத்துக்கு 54,720 ரூபாய், டைட்டானியம் போன்றவற்றுக்கு 76,600 ரூபாய் என்று பொருளை வைத்துத் தான் பிரித்தது. வரி தனி. விலைகள் பின்னர் மாறியுள்ளன. பில்லில் எந்தப் பொருள் எழுதியிருக்கிறதோ அது தான் ஸ்டிக்கரிலும் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

கம்ப்யூட்டரில் பதியும் முறை

1. ஸ்டிக்கர், அட்டை, டிஸ்சார்ஜ் சுருக்கம், பில் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் மொபைலில் படம் எடுக்கவும். பில்லை முதலில் எடுக்கவும். கடை பில் போன்ற வழவழப்பான தாளில் அச்சானது என்றால் சில மாதங்களில் எழுத்து மங்கி விடும்.
2. மொபைலை கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் இணைத்துப் படங்களைக் காப்பி செய்யவும்.
3. டாகுமெண்ட்ஸ் போல்டரில் ரைட் கிளிக் செய்து, புதிய போல்டர் ஒன்று உருவாக்கி "மருத்துவம்" என்று பெயரிடவும். விண்டோஸில் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.
4. பைல்களுக்கு ஆண்டை முதலில் வைத்துப் பெயர் கொடுக்கவும். "2023-08 அம்மா வலது முழங்கால் ஸ்டிக்கர்" என்பது போல. அப்போது ஆண்டு வரிசையில் தானாகவே அடுக்கிக் கொள்ளும்.
5. நோட்பேடைத் திறந்து மாடல் எண், தொகுப்பு எண், பொருள், டாக்டர், தேதி ஆகியவற்றை டைப் செய்து அதே போல்டரில் சேமிக்கவும். படம் தெளிவில்லாமல் போனாலும் இது கை கொடுக்கும்.
6. போல்டரை ஒரு பென் டிரைவில் காப்பி செய்யவும். உங்கள் இமெயிலுக்கும் ஒரு நகல் அனுப்பி வைக்கவும். ஹார்டு டிஸ்க் ஒரு நாள் பழுதாகும் என்று நினைத்துக் கொண்டே வேலை செய்வது நல்ல பழக்கம்.

ஒரிஜினல் அட்டையை மட்டும் கம்ப்யூட்டரை நம்பித் தூக்கிப் போட்டு விடாதீர்கள். பேஸ்மேக்கர் அட்டை எப்போதும் அவர் பர்ஸிலேயே இருக்க வேண்டும். வெளியூரில் மயங்கி விழுந்தால் அங்கே உள்ள டாக்டர் முதலில் பார்ப்பது அதைத் தான். இந்த மாதம் புதிய கேம் இன்ஸ்டால் செய்வதற்கு முன், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இந்த போல்டரைத் தயார் செய்து வையுங்கள். அரை மணி நேர வேலை தான்.